இருபது நொடிப் பார்வை

தேர்வறைத் திரையில் பந்து சுவரில் மோதாமல் உள்ளே புகுந்து மறுபக்கம் வந்தது. எட்டு மாதக் குழந்தை மகிழினி கொட்டாவி விட்டது.

“இரண்டு நொடி,” என்றது பார்வைமானி.

தாய் பொற்கொடி குழந்தையின் நாற்காலியைத் திரைக்கு இன்னும் நெருக்கமாக நகர்த்தினாள். நடக்க முடியாத ஒன்றைக் கண்டால் குழந்தை நெடுநேரம் உற்றுப் பார்க்கும். பேசத் தெரியாத சிசுவின் மனதை அறிய அந்தக் காலத்து ஆய்வாளர்கள் கண்ட வழி அது. அவர்கள் தெரிந்துகொள்ளப் பார்த்தார்கள். இந்த அரசு தரம் பிரிக்கப் பார்க்கிறது. இருபது நொடி பார்த்தால் முதல் தரப் பள்ளி. இல்லாவிட்டால் ஆயுளுக்கும் இரண்டாம் தரம். மறுதேர்வு கிடையாது.

தேர்வு வந்தால் டியூஷன் வராமல் இருக்குமா? பிறந்த பத்தாம் நாளிலிருந்து மகிழினி தினமும் மூன்று மணி நேரம் சுவரைக் கடக்கும் பந்தைப் பார்த்தது.

“டியூஷன்ல போட்டீங்களாம்மா?” என்றார் தேர்வாளர் சகாயமேரி. “எல்லாரும் பண்ற தப்புதான். பாத்துப் பாத்துப் பழகிப்போச்சு. இன்னும் ஒரு காட்சிதான் இருக்கு.”

பொம்மை ஒன்று அந்தரத்தில் நின்றது. மகிழினி கட்டைவிரலைச் சப்பியது.

பொற்கொடியின் கை தன் முகமறைக்குப் போனது. தாயின் முகக்குறிப்பைப் பார்த்துக் குழந்தை விடை கண்டுபிடிக்கக் கூடாது என்று தேர்வறையில் தாய்க்கு முகமறை மாட்டுவார்கள்; வெள்ளையாக, வழுவழுவென்று, கண்ணுக்கு இரண்டு துளை மட்டும். டியூஷன்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், வீட்டிலும் குழந்தை முன்னால் கழற்றாதீர்கள் என்றார்கள். பொற்கொடி கழற்றவில்லை, பால் கொடுக்கும்போதுகூட.

இப்போது பிய்த்து எறிந்தாள்.

“பாருடி தங்கம்! அந்தப் பொம்மையைப் பாரு!”

“கழட்டாதீங்கம்மா!” என்று பதறினார் சகாயமேரி.

மகிழினி திரும்பியது. பொம்மையை அல்ல, கண்ணீர் வழியும் அந்த முகத்தைப் பார்த்தது. கண் இமைக்கவில்லை. பத்து நொடி. இருபது. நாற்பது.

“தேர்ச்சி,” என்றது பார்வைமானி. அதற்கு நேரம்தான் கணக்கு, எதைப் பார்த்தது என்பதல்ல.

“பாஸாயிட்டாம்மா!” என்றார் சகாயமேரி.

பொற்கொடி சிரித்துக்கொண்டே இரு கைகளையும் நீட்டித் தூக்கினாள். குழந்தையின் உதடு பிதுங்கியது. வீறிட்டு அலறி, அவளிடமிருந்து திமிறி, தரையில் கிடந்த முகமறையை நோக்கிக் கை நீட்டியது.

வேறு வழி தெரியாமல் பொற்கொடி அதை எடுத்து மாட்டிக்கொண்டாள். மகிழினி விசும்பலை நிறுத்தி அவள் தோளில் சாய்ந்துகொண்டது.