பதினோராவது கம்பம்

ஓடுபாதை ஓரத்தில் நட்டிருந்தது பத்துக் கம்பம். விடிந்ததும் கம்பக்காரன் கூண்டறை ஜன்னலில் நின்று எண்ணியபோது பதினொன்று இருந்தது.

விமானம் இறங்கலாமா கூடாதா என்பது அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. நூறு மீட்டருக்கு ஒரு கம்பம். பத்தும் தெரிந்தால் லேசான பனிமூட்டம் என்று எழுதவேண்டும். பத்தாவது மறைந்தால் மூடுபனி. இரண்டும் ஒரே சரக்குதான். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த தரையைத் தொட்டு, ஈரக்காற்று பொடித்துளியாகி நிற்பது. அதுவே தரையை விட்டுக் கிளம்பி உயரத்தில் நின்றால் மேகம்.

கூடுதல் கம்பம் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நெட்டுக்குத்தாக நின்றது.

தங்கை மாப்பிள்ளையின் சேட்டைதான், வேறென்ன. கம்பங்களின் ஈரத்தைத் துடைக்க மஞ்சள் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனவன் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு கம்பம் மாதிரி நிற்கிறான். போன வாரமும் இப்படி நின்று எண்ணிக்கையைத் தப்பாக எழுத வைத்தான். அதிகாரி வாங்கு வாங்கென்று வாங்கினார். மாப்பிள்ளையை வேலையில் சேர்த்துவிட்டவனே கம்பக்காரன்தான் என்பதால், நிறைமாசத் தங்கையை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டான்.

புல்லிலிருந்து ஈர மண் வாடை ஏறி வந்தது. ஓட்டிலிருந்து சொட்டிய துளிகள் தகரத்தில் யாரோ விரலால் தட்டுவது போல விட்டுவிட்டுக் கேட்க, வெள்ளை கெட்டியாகி, பத்தாவது கம்பம் மறைந்தது, ஒன்பதாவது மறைந்தது, எட்டும் ஏழும் போயின. தெரியவேண்டியது ஆறுதான். ஆனால் எண்ணினால் ஏழு. கூடுதலாக நின்றது இப்போது நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்.

வாக்கிடாக்கியை எடுத்தான்.

"மாப்ளே, விளையாட்டு போதும். என் வேலைக்கு உலை வைக்காத."

"நானா மச்சான்? நான் இப்பதான் பத்தாவதைத் துடைச்சுட்டுத் திரும்புறேன். முன்னாடி போறது நீங்கதானே? எவ்வளவு கூப்பிட்டாலும் காதுல வாங்க மாட்டேங்கிறீங்க."

புளுகுகிறான். புளுகட்டும். ஆனால் பின்கழுத்து சில்லிட்டது.

எண்ணினான். தெரியவேண்டியது மூன்று கம்பம். நின்றது நாலு.

"நில்லு மாப்ளே! அது நான் இல்ல. அதுக்குப் பின்னால போகாத!"

கரகரப்பு. பிறகு குரல், சிரிப்போடு.

"அட, இப்பதான் திரும்பினீங்க மச்சான்."

அதோடு சரி.

கூப்பிட்டான். மறுபடி கூப்பிட்டான். கதவைத் தாழ்ப்பாள் போட்டான். அப்புறம் தங்கை ஞாபகம். தாழ்ப்பாளை எடுத்தான். மறுபடி போட்டான்.

வெயில் வந்தது. சுட்ட தரையிலிருந்து பனி கிளம்பியது, கீழிருந்து மேலாக. முதலில் கம்பங்களின் அடி. பத்து. அப்புறம், முதல் கம்பத்துக்கும் இந்தப் பக்கம், மஞ்சள் பூட்ஸ்.

"அப்பாடா," என்றான் வாய்விட்டு.

முழங்கால் தெரிந்தது. இடுப்பு. துடைக்கும் துணி, கையில். தோள்.

பனி முழுக்க ஏறி மேகமாகிவிட்டது. பத்துக் கம்பமும் உச்சி வரை பளிச்சென்று தெரிந்தன.

பூட்ஸ் ஒரு அடி எடுத்து வைத்தது.

கழுத்துக்கு மேல் இருந்த பனி மட்டும் கிளம்பவில்லை.