அச்சு விலகிய ஒரு ரூபாய்

பிள்ளையின் கெண்டைக்காலுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த பாண்டிமீனாவின் கை, வழக்கமாகத் தட்டுப்படும் இடத்தில் எதுவும் தட்டுப்படாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. நீங்களும் பிள்ளையைக் குளிப்பாட்டியவர்கள்தான். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் கைக்குத் தெரியும். போன வருஷம் அப்பாவின் ஆட்டோ சைலன்சரில் கால் பட்டு, தோல் உரிந்து, ஆறி, புளியங்கொட்டை அளவுக்குக் கறுத்துத் தடித்துப்போன தழும்பு அது. அதைக் காணவில்லை. குளியலறை வெளிச்சம் போதவில்லையோ என்று ஈரத்தோடு பிள்ளையை வாசல் வெயிலுக்குத் தூக்கி வந்து பார்த்தாள். தழும்பு மங்கியிருக்கவும் இல்லை, வெளுத்திருக்கவும் இல்லை. அங்கே அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்பதுபோல் தோல் வழவழவென்று இருந்தது.

“தமிழு, கால்ல இருந்த சூடு எங்கடி?”

தமிழ்வாணி குனிந்து காலைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்துச் சிரித்தாள். மாடிப்படியில் விழுந்து மூலை உடைந்த முன்பல், முழுசாக இருந்தது.

பாண்டிமீனா கணவனுக்குப் போன் போட்டாள். அழகுமலை மாட்டுத்தாவணிக்கும் ஒத்தக்கடைக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஸ்டாண்டில் ஆள் ஏற்றும் இரைச்சலுக்கு நடுவே பாதி கேட்டுவிட்டு, புண் ஆறினால் தழும்பு போகத்தானே செய்யும் என்றான். பல்லைச் சொன்னாள். பால்பல் விழுந்தால் வேறு பல் முளைக்காதா, இதற்கெல்லாம் போனா என்று சிரித்தான். ஒரே ராத்திரியிலா என்று அவள் கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கொஞ்ச நாளாகவே அவளுடைய பேச்சு அவனுக்கு வேடிக்கையாகிவிட்டது. சில்லறைக் காசில் லட்சம் இருக்கிறது என்று யாரோ பேசிய வீடியோவைப் போனில் பார்த்ததிலிருந்து, சாயந்தரம் அவன் கொண்டுவரும் சில்லறைப் பையை முறத்தில் கொட்டிக் கிளறுவதே அவளுக்கு வேலை. வருஷத்துக்குக் கீழே புள்ளி இருந்தால் ஓர் ஊரில் அடித்தது, நட்சத்திரம் இருந்தால் வேறு ஊர் என்றெல்லாம் தெரிந்து வைத்திருந்தாள். கதிர் போட்ட பழைய ரூபாய், காண்டாமிருகம் போட்ட கால் ரூபாய் என்று ஒரு கண்ணாடிப் புட்டி நிறையச் சேர்ந்திருந்தது. “என்ன ரிசர்வ் பேங்கு, இன்னைக்கி எம்புட்டு லட்சம்?” என்று கேட்டுக்கொண்டேதான் அவன் சட்டையைக் கழற்றுவான். அவளும் சிரிப்பாள்.

ஆனால் நேற்று அவள் செய்த காரியம் அவனுக்குத் தெரியாது.

தமிழ்வாணிக்கு மூன்று வயதானபோது டெங்குக் காய்ச்சல் வந்து, இன்றைக்குத் தாங்கினால் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரி நடையில் நின்றுகொண்டு பாண்டிமீனா பர்சுக்குள் கையை விட்டாள். முதலில் அகப்பட்ட ஒரு ரூபாயைக் கண்ணில் ஒற்றி, மஞ்சள் துணியில் முடிந்து, மேற்கே கண்மாய்க்கரையில் இருக்கும் குலசாமியை நினைத்துச் சொன்னாள்: இந்தக் காசையும் பிள்ளையையும் சேர்த்து உன் வாசலுக்குக் கொண்டுவருகிறேன், பிள்ளையை எனக்குக் கொடு. பிள்ளை பிழைத்தது. பங்காளிகளோடு பேச்சுவார்த்தை அற்றுப்போனதால் கோயிலுக்குப் போவது தள்ளிக்கொண்டே போயிற்று. முடிச்சு, சாமி படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

அச்சு விலகிய காசுக்குத்தான் மதிப்பு அதிகம் என்று ஒரு வீடியோ சொன்னபோது, அந்த ஆஸ்பத்திரி நடை அவள் விரலுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு முடிந்த காசின் ஓரம் மொட்டையாக இருந்ததே. நேற்று மத்தியானம் முடிச்சை அவிழ்த்தாள். இருந்தது. சிங்கங்கள் மூன்றும் ஒரு பக்கமாகச் சரிந்து, மறு ஓரத்தில் எதுவும் எழுதாத ஒரு பிறை. முறத்திலிருந்து புதிய ரூபாய் ஒன்றை எடுத்தாள். பளபளவென்று, எல்லாம் அதது அதன் இடத்தில் இருந்த காசு. அதை வைத்துத் திரும்ப முடிந்தாள். ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய்தானே என்று, சாமி படத்தைப் பார்க்காமல், வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுச் சிம்மக்கல்லில் பழைய காசு வாங்கும் கடைக்குப் போனாள். கடைக்காரர் லென்சை வைத்துப் பார்த்துவிட்டு, இது லேத்தில் யாரோ ராவினதும்மா, பூக்கடையில் கொடுத்தால் ஒரு ரூபாய்க்குப் போகும் என்றார். கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். முகத்தில் அடித்தது போலிருந்தது அவளுக்கு. வெளியே வந்து மல்லிகைப்பூ வாங்கினாள். பூக்காரி ஒரு ரூபாய் குறைகிறது என்றாள். அந்தக் காசையே எறிவதுபோல் கொடுத்துவிட்டு வந்தாள். முடிச்சில்தான் ஒன்று இருக்கிறதே. வீட்டுக்கு வந்தபோது பிள்ளை தூங்கியிருந்தது.

இப்போது அந்தப் பிள்ளை தட்டை வழித்துச் சாப்பிட்டது. பாகற்காயை ஒதுக்கவில்லை. கதை கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவி, சுவரோரம் முதுகு ஒட்ட உட்கார்ந்து, பாண்டிமீனா போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. வீடு முழுக்க ஒரு வாசனை. வியர்த்த உள்ளங்கையில் காசை ரொம்ப நேரம் பொத்தி வைத்திருந்து விரித்தால் வருமே, அந்தத் துரு வாசனை. அவள் தரையைத் துடைத்தாள், சாம்பிராணி போட்டாள், பிள்ளையின் தலையை மோந்து பார்த்தாள். அங்கேதான் இருந்தது.

மத்தியான வெயிலில் தெருவில் ஆளில்லை. புது வீடுகளுக்கு நடுவே இன்னும் கட்டாத பிளாட்டுகளில் கருவேல நெற்று காற்றில் கிலுகிலுத்தது. தமிழ்வாணி எழுந்து வாசலுக்குப் போனாள். போகிற போக்கில் அவள் முழங்கை இரும்புக் கேட்டில் இடித்தது.

ணங்.

கேட்டின் சத்தம் இல்லை அது. நல்ல காசைக் கல்லில் போட்டால் எழும்புகிற சத்தம். மெலிந்து, நீண்டு, தெருக்கோடி வரைக்கும் போய் அடங்கியது. பிள்ளை வலி என்று சொல்லவில்லை. முழங்கையைத் தேய்க்கவும் இல்லை.

பாண்டிமீனா உள்ளே ஓடி முடிச்சை அவிழ்த்தாள். நேற்று வைத்த புதிய காசு உள்ளேதான் இருந்தது. காய்ச்சல் பிள்ளையின் நெற்றிபோல் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் வைத்ததும் துடித்தது. தன் நாடியாக இருக்கும் என்று நினைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். தன் நாடி இல்லை.

காசு மாறியபோதே பிள்ளையும் மாறிவிட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணுகளா, அந்தச் சமயத்தில் ஒரு தாய்க்கு அழக்கூட நேரம் இருக்காது.

வாசலில் நின்ற அதைத் தனியாக விட்டுப் போகப் பயம், கையைப் பிடித்துக் கூட்டிப் போகவும் பயம். கூட்டிக்கொண்டுதான் போனாள். சிம்மக்கல்லில் பூக்காரி முத்துத்தாய், ஈரச் சாக்கைப் போர்த்திய கூடைக்குப் பின்னால் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, நேத்து ஒரு காசு குடுத்தேனே. ஓரம் மொட்டையா. அதத் திருப்பிக் குடுங்கக்கா, என்ன வேணும்னாலும் தாரேன்.”

முத்துத்தாய் பூத்தொடுக்கும் கையை நிறுத்தவில்லை. “அந்தக் காசா? நீ போனதுல இருந்து என்னயப் பாடாப் படுத்திருச்சு தாயி.”

“என்னக்கா செஞ்சுச்சு?”

“காசு என்ன செய்யும். ஒரு பிள்ள வந்துச்சு. நீ அங்கிட்டுப் போற, இங்கிட்டுக் கூடைக்குப் பக்கத்துல நிக்கிது. யாருடி நீன்னா யம்மா யம்மாங்குது. அனுப்புனாலும் போகல. கடையக் கட்டுறப்ப வீட்டுக்குக் கூடவே வந்திருச்சு. சாக்குலதான் படுத்துச்சு, பாவம். கால்ல சூட்டுத் தழும்பு.”

“இப்ப எங்கக்கா இருக்கு அது?”

“காலைல ஒரு பொம்பள பூ வாங்குனா. ஒத்தக்கடைக்குப் போறேன், ஆட்டோவுக்குச் சில்லற வேணும்னா. அந்த மொட்டக் காசையும் சேத்துக் குடுத்தேன். குடுத்த கை மூடல, பிள்ள எந்திரிச்சு அவ பின்னாடியே போயிருச்சு. அவ திரும்பிக்கூடப் பாக்கல.” சொல்லிக்கொண்டே நிமிர்ந்த முத்துத்தாய், பாண்டிமீனாவின் பக்கத்தில் நின்ற பிள்ளையைப் பார்த்தாள். கையிலிருந்த நார் நழுவியது. “அந்த மொகந்தான் இதுவும்,” என்றாள் மெதுவாக. பிறகு கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஒத்தக்கடைக்குப் போகிற ஷேர் ஆட்டோ. பஸ்ஸில் உட்கார்ந்ததுமே அழகுமலைக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. ஓட்டும்போது எடுக்க மாட்டான், அவள்தான் அப்படிச் சத்தியம் வாங்கியிருந்தாள். திரும்பப் போட்டாள். குரலைப் பதிந்து அனுப்பினாள்: ஏங்க, ஓரம் மொட்டையா ஒரு ரூவா வந்தா யாருக்கும் குடுத்துராதீக, ஒங்க கால்ல விழுகுறேன், குடுத்துராதீக. அவன் அதைத் திறக்கவில்லை. பஸ் ஊர்ந்தது. மடியில் இருந்த பிள்ளை ஜன்னலைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தது.

மாட்டுத்தாவணியைத் தாண்டி மேலூர் ரோட்டில் வண்டிகள் நின்றுவிட்டன. வெயில் இறங்கி, புழுதி மஞ்சளாக மிதந்தது. பஸ்ஸுக்கு முன்னால், இரண்டு வண்டி தள்ளி, ஒரு ஷேர் ஆட்டோ. பின்பக்கம் தமிழ்வாணி என்று சிவப்பில் எழுதியிருந்தது. அழகுமலையின் ஆட்டோ. உள்ளே ஆட்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நெரிசலுக்கு வெளியே ஒரு சின்னக் கால் தொங்கியது. செருப்பில்லாத கால். கெண்டையில் கறுப்பாகப் புளியங்கொட்டை.

எழுந்திருக்கப் பார்த்தாள்.

முடியவில்லை. மடியில் இருந்தது கனத்தது. அரிசி மூட்டையைப் போல் இல்லை, இரும்பைப் போல் கனத்தது. தொடை எலும்பு வரைக்கும் இறங்கியது கனம். தள்ளினாள். அசையவில்லை. கத்தினாள். என்னம்மா, பிள்ளையைப் போட்டு இப்படித் தள்ளுகிறாய் என்று பக்கத்து சீட்டு அம்மாள் அதட்டினாள். ஆட்டோ நகர்ந்தது. கால் ஆடிக்கொண்டே போயிற்று. பஸ் நகரவில்லை.

ஒத்தக்கடை ஸ்டாப் வந்ததும் கனம் தானாகவே குறைந்தது. ஓடினாள். பஞ்சுபோல் ஒரு கை அவள் கையைப் பிடித்துக்கொண்டே கூட ஓடிவந்தது. விளக்கு வைக்கிற நேரம். அவர்கள் வீட்டுத் தெருமுனையில் அழகுமலையின் ஆட்டோ அப்போதுதான் வந்து நின்றது. மெயின் ரோட்டுப் பக்கம் ஒருவர் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

“எங்க அந்தக் காசு?”

“எந்தக் காசுடி? மூச்ச விடு மொதல்ல.”

“ஓரம் மொட்ட. ஓரம் மொட்டையா ஒண்ணு.”

“அதுவா.” அவன் சிரித்தான். “பாத்தேன், ஒன் பேங்குக்கு ஆகும்னு தனியாத்தான் வச்சிருந்தேன். கடைசியா எறங்குனவருக்கு ஒத்த ரூவா கொறஞ்சுச்சு. வேற இல்ல, குடுத்துட்டேன்.” பிறகு கழுத்தைத் துடைத்துக்கொண்டே, ஞாபகம் வந்தவனாகச் சொன்னான். “மீனா, இன்னைக்கிப் பூராம் வண்டியில ஏதோ ஒரு பிள்ள அழுதுக்கிட்டே வந்துச்சு. அப்பா, அப்பான்னு. பின்னாடி யாரு பிள்ளையோன்னு விட்டுட்டேன். வண்டி ஓட்டுறப்பத் திரும்ப முடியுமா?”

அவள் ரோட்டைப் பார்த்தாள்.

இறங்கிப் போனவர் வெள்ளைச் சட்டைக்காரர். யாரோ. அவருக்குப் பின்னால், நேற்றுப் போட்ட நீலக் கவுனோடு, செருப்பில்லாமல், கால் நோக நோக, ஒரு பிள்ளை. முகத்தைத் திருப்பித் திருப்பி இந்தத் தெருவையே பார்த்தது. கால் மட்டும் அவர் பின்னால் போனது.

“தமிழு!”

பிள்ளை வாயைத் திறந்தது. உடைந்த முன்பல் தெரிந்தது. சத்தம் வரவில்லை.

பாண்டிமீனா பாய்ந்தாள். கை இழுத்தது. பிடித்திருந்த சின்னக் கை ஜில்லென்று ஆகியிருந்தது. ஆணி அடித்ததுபோல் அவளை நிறுத்தியது.

“ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய்தானே, அம்மா,” என்றது அது. ஒரு பிசகில்லாத குரல்.

அழகுமலை குனிந்து, என் தங்கமே என்று அதன் கன்னத்தில் முத்தம் வைத்தான். உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

மெயின் ரோட்டில் மேலூர் பஸ் வந்து நின்றது. உள்ளே விளக்கு எரிந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் படியில் ஏறிச் சில்லறையை நீட்டினார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கையை விரித்தார். காசு விழுந்தது. வெள்ளைச் சட்டையின் பின்னால் நின்ற பிள்ளை ஓரடி நகர்ந்து, கண்டக்டரின் பின்னால் போய் நின்றது.

பஸ் கிளம்பியது. பின் கண்ணாடியில் ஒரு சின்ன உள்ளங்கை ஒட்டியிருந்தது. கண்டக்டர் அடுத்த ஆளுக்குக் கொடுக்கப் பைக்குள் கையை விட்டுச் சில்லறையைக் கிளறினார்.