ஓட்டுநரின் மூடி

முந்தின நாள் சாயங்காலம் இடப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போன டாங்கியின் தலை, காலையில் நேராக இருந்தது.

பெரிய விஷயமில்லைதான். ஒரு முழம்கூட வராத, பிளாஸ்டிக்கில் செய்த போர் டாங்கி அது. பீரங்கிக் குழலைச் சுமந்துகொண்டு மேலே சுழலும் பாகத்துக்கு டரெட் என்று பெயர். அவன் அதைத் தலை என்றுதான் சொல்வான். தலையை இன்னும் ஒட்டவில்லை, சும்மா உடம்பின் மேல் உட்கார்ந்திருந்தது, யார் கை பட்டாலும் திரும்பும். அவன் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"மேசையத் துடைச்சியா?"

"நானா? போன வாரம் ஒரு சக்கரத்தக் காணோம்னு வீட்டையே கவுத்துப் போட்டீங்க. அதிலேருந்து அந்த ரூம் பக்கம் நான் தலை வெச்சுக்கூடப் படுக்கறதில்ல" என்றாள் மனைவி.

அவன் சிரித்துக்கொண்டே தலையை மறுபடி இடப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போனான். ஒரு பல் ஆய்வகத்தில் செயற்கைப் பல் செய்வது அவன் தொழில். மயிரிழை பிசகினால் வாய்க்குள் புண் வரும் வேலை என்பதால், எந்தப் பொருளையும் எந்தக் கோணத்தில் வைத்தோம் என்பது அவன் விரல்களுக்கே நினைவிருக்கும். பஸ்ஸில் போகும்போதும் அந்த விரல்கள் சமாதானமாகவில்லை.

அது அவன் அப்பா ஓட்டிய டாங்கி. அதாவது, அந்த ரகத்துக் கனரக டாங்கியின் கிட்டை, பாகம் பாகமாக ஒட்டிச் செய்யும் பெட்டியை, வாங்கி, அப்பாவின் வண்டியாக அவன் மாற்றிக்கொண்டிருந்தான். பழைய படைவீரர்கள் தங்கள் சங்கக் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்கிறார்கள், அதற்காக. கையில் இருந்தது ஒரே ஒரு புகைப்படமும் பராமரிப்புக் கையேட்டின் பிரதியும். படத்தில் இடது மட்கார்டு பாதி கிழிந்திருந்தது. அவனும் பிளாஸ்டிக்கை மெலிதாகச் சுரண்டிக் கிழித்தான். முன்பக்கம் உபரிச் சங்கிலித் துண்டுகளை ஒட்டினான், பின்னால் ஒரு பெட்டி கட்டினான், இடுக்குகளில் பட்டி பூசித் தேய்த்தான். ஓட்டுநர் ஏறி இறங்கும் ஒரே வழியை அடைக்கும் ஓட்டுநரின் மூடி மட்டும் கிட்டில் உடம்போடு ஒன்றாக வார்க்கப்பட்டிருந்தது. கட்டைவிரல் நகத்தளவு. அதை அறுத்து எடுத்து, பல் கட்டும் கம்பியில் கீல் வைத்து, திறந்து மூடும்படி செய்ய அவனுக்கு நான்கு நாள் ஆனது. அந்த மூடிக்குக் கீழேதான் அப்பா உட்கார்ந்திருந்தார்.

அப்பா அந்த டாங்கியிலேயே போரில் இறந்தபோது அவனுக்கு மூன்று வயது. அதே டாங்கியில் குழலை இயக்கியவர் சித்தப்பா; உறவில் சித்தப்பா இல்லை, இரண்டு வருஷம் கழித்து அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டதால் சித்தப்பா. காய்ச்சல் வந்தால் விடியும் வரை அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர். சைக்கிளின் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவர். அம்மா போன பிறகும் அவனோடுதான் இருந்தார். சின்ன வயதில் அப்பாவைப் பற்றி எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதில்தான்: "குண்டு பட்டதும் ஒரு நொடியில போயிட்டான்டா உங்கப்பா. வலியே தெரிஞ்சிருக்காது." அந்த வாக்கியத்தைப் போர்த்திக்கொண்டுதான் அவன் வளர்ந்தான்.

இரண்டு நாள் முன்பு டாங்கியை அவருக்குக் காட்டியிருந்தான். சித்தப்பா அறை வாசற்படியைத் தாண்டவில்லை. நகத்தால் நெம்பி ஓட்டுநரின் மூடியை அவன் திறந்து காட்டியபோதுதான் உள்ளே வந்தார். வந்தவர் மூடியை மூடினார். தலையைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினார், குழல் அந்த மூடிக்கு நேர் மேலே வந்து நிற்கும் வரை.

"இப்படியே வெச்சு ஒட்டிடு."

"தலைய யாரும் ஒட்ட மாட்டாங்க சித்தப்பா. சுத்தினாத்தான் அழகு."

"ஒட்டிடு. மூடியையும் ஒட்டிடு."

அவர் அப்படி ஒரு குரலில் பேசி அவன் கேட்டதில்லை. வயசானவர், நினைவுகள் படுத்துகின்றன என்று எடுத்துக்கொண்டான்.

வேலை முடிந்து வந்ததும் முதலில் மேசைக்குப் போனான். தலை மறுபடி நேராக இருந்தது. இந்த முறை மனைவியைக் கேட்கவில்லை. பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்கும் பசையை எடுத்து, சித்தப்பா சொன்ன கோணத்திலேயே தலையை உடம்போடு ஒட்டினான். அது ஒட்டல்கூட இல்லை, வெல்டிங் மாதிரி. காய்ந்த பிறகு பிரிக்க வேண்டுமானால் உடைக்கத்தான் வேண்டும். மூடியை ஒட்ட மட்டும் மனம் வரவில்லை.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மனைவி தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் போன பிறகு அறைக் கதவைத் திறந்தான். முதலில் வாசனைதான் வந்தது. தின்னர் இல்லை, பெயின்ட் இல்லை. பிளாஸ்டிக் தீய்ந்தால் எப்படி நாறும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும், இது அதுவும் இல்லை. டீசல், சூடான இரும்பு, அவற்றுக்கு அடியில் தலைமயிர் கருகுவது போல ஒன்று. ஜன்னலுக்கு வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது.

தலை நேராக இருந்தது. அவன் விளக்கைப் போட்டு, வேலைக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தான். பசைக் கோட்டில் ஒரு விரிசல் இல்லை. ஆரம்பத்திலிருந்தே நேராக ஒட்டியது போல வழவழப்பாக இருந்தது. மூடி அரைவாசி திறந்திருந்தது. அதன் உட்பக்கத்துக்கு அவன் வெள்ளை அடித்திருந்தான். இப்போது அங்கே கரி. கரியின் நடுவே கீறல்கள், நான்கு நான்காக, மயிரை விட மெல்லியவை, எல்லாம் உள்ளேயிருந்து வெளியே.

ஒட்டியது இளகிவிட்டது, புகை எங்கிருந்தோ வந்திருக்கிறது என்று என்னவோ சொல்லிக்கொண்டான். தலையை இறுக்கிப் பிடித்து இடப்பக்கம் திருப்பிப் பார்த்தான், வழுக்கிக்கொண்டு திரும்பியது. மூடியை நெம்பினான். கொஞ்சம் எழுந்து, குழலின் அடியில் இடித்து நின்றது. அதற்கு மேல் நகரவில்லை. கீலைத் தப்பாக வைத்துவிட்டோமோ என்றுதான் கையேட்டைப் பிரித்தான். பயத்திலும் அவனுக்கு வேலையில் தப்பு நேர்ந்திருக்கக் கூடாது.

கீலில் தப்பில்லை. அசல் வண்டியே அப்படித்தான். கையேட்டில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்: தலை இடப்பக்கம் திரும்பியிருக்கும்போது ஓட்டுநரின் மூடி திறக்காது. தீப்பிடித்தால், குழலை இயக்குபவர் தலையை நேராகத் திருப்பிய பின்பே வெளியேற வேண்டும்.

குழலை இயக்குபவர்.

அவன் அதை மூன்று தடவை படித்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சித்தப்பா நாற்பது வருஷம் மறைத்து, அந்தச் சோற்றை அவனுக்கு ஊட்டியும் விட்டிருக்கிறார். தோளில் போட்டு நடந்தது, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓடியது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அவன் முன்னால் நின்று வேறு முகம் காட்டின. அவனுக்கு அழுகை வந்தது. பயத்தில் மறந்திருப்பார், அந்த நெருப்பில் யாருக்குத்தான் எது நினைவிருக்கும் என்று அவனே அவருக்காக வாதாடினான். மறந்திருந்தால் மன்னித்துவிடலாம். மறந்திருந்தால்.

மின்சாரம் போனது. மழை கூரையில் இறங்கியது.

டக்.

மேசை மேலிருந்து. மழைச் சொட்டு என்று நினைத்தான்.

டக். டக்டக்.

மழை இல்லை. மூடி குழலில் இடித்துக்கொண்டிருந்தது. எழுவதும் விழுவதுமாக. அவன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். சுவர் முதுகில் இடித்தது.

கதவு திறந்தது. சித்தப்பா. அவர் அதிர்ச்சியடையவில்லை; அதுதான் அவனுக்கு அந்தச் சத்தத்தை விடப் பயமாக இருந்தது. மெதுவாக நடந்து வந்து, மேசை முன் உட்கார்ந்து, கட்டைவிரலை மூடியின் மேல் வைத்து அழுத்தினார்.

"விடு. நின்னுடும்."

"என்ன நின்னுடும்?"

"ரொம்ப நேரம் ஆகாது." அவர் அவனைப் பார்க்கவில்லை. "அன்னிக்கும் பதினோரு நிமிஷம்தான்."

சத்தம் இப்போது விரலுக்கு அடியில் கேட்டது. கொஞ்சம் அமுங்கி. வேகமாக.

"ஒரு நொடியில போயிட்டார்னு சொன்னீங்களே சித்தப்பா."

அவர் விரலை இன்னும் அழுத்தினார்.

"தலையத் திருப்ப மறந்துட்டீங்களா?"

அவர் விரல் நகம் கறுக்கத் தொடங்கியது. மயிர் கருகும் வாசனை. அவர் விரலை எடுக்கவில்லை.

"மறந்துட்டேன்னு சொல்லுங்க. நான் நம்பிடறேன்."

டக்டக்டக்டக்.

அவன் பாய்ந்து டாங்கியின் தலையைப் பிடித்தான். சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வலப்பக்கம் திருப்பினான். குழல் நகர்ந்தது. அவர் விரலை இடித்துத் தள்ளியது. நேராக வந்து நின்றது.

மூடி திறந்தது.

சத்தம் நின்றுவிட்டது. மழைகூடக் கேட்கவில்லை. நகத்தளவுக் கறுப்பு ஓட்டை, அவ்வளவுதான். எதுவும் வெளியே வரவில்லை.

பிறகு, மேசையில் விரித்திருந்த வெள்ளைத் தாளில் ஒரு தடம் விழுந்தது. அரிசியளவு. உள்ளங்கை, ஐந்து விரல். கரியில். பக்கத்தில் இன்னொன்று. கால்தடம் இல்லை. கைகள் மட்டும், ஒன்று மாற்றி ஒன்று. இழுத்துக்கொண்டு வந்தது போல.

தாள் முடிந்தது. மேசை விளிம்பு. சித்தப்பாவின் சட்டைக் கை. முழங்கை. தோள்.

அவர் தட்டிவிடவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டார்.

காலர். கழுத்துச் சுருக்கம். தாடை.

உதடு.

அங்கே தடங்கள் முடிந்தன.

"சித்தப்பா, வாயத் திறங்க. மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை."

அவர் கண்ணில் நீர் வழிந்தது. அவனை நேராகப் பார்த்தார். இரண்டு உள்ளங்கைகளையும் எடுத்து வாய் மேல் வைத்துக்கொண்டார்.

டக்.

பற்களுக்குப் பின்னாலிருந்து. போன வருஷம் அவனே அளவெடுத்துச் செய்து மாட்டிய பற்கள்.

டக். டக்டக்.

அவர் கன்னம் உள்ளேயிருந்து மேடிட்டது. விரல் இடுக்கில் மெல்லிய புகை. அவர் தலையை மட்டும் ஆட்டினார், மாட்டேன் என்பது போல. கையை இன்னும் கெட்டியாக அழுத்தினார்.