பனிக்குடத்தில் ஒரு பொய்

போன் அலறியது.

பாளையங்கோட்டையில் ஒரு லேப். டெக்னீஷியன் ரீபா ரிசீவரை எடுத்தாள்.

"ரிசல்ட் வந்துட்டா?"

"யார் பேசுதிய?"

"குமரகுருபரன். எம் பொண்டாட்டி விஜயஸ்ரீயோட பனிக்குட நீர் டெஸ்ட். குறை உள்ள பிள்ளைதான... நாளைக்கே கலைக்க அம்பாசமுத்திரத்துல டாக்டர்ட்ட நேரம் வாங்கிட்டேன்."

ரீபாவுக்குச் சுருக்கென்றது. ரிசல்ட்டை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை...

"ரெண்டு பேரும் நேர்ல வாங்க."

மதியம் மூன்று மணிக்கு வந்தார்கள். குமரகுருபரன் ஒரு மெடிக்கல் ரெப். கழுத்தில் டை, கண்ணில் எரிச்சல். பின்னால் விஜயஸ்ரீ. நாலு மாத வயிறு. அழுது வீங்கிய முகம்.

"டவுன் சிண்ட்ரோம் பிள்ளைன்னா பனிக்குட நீர்ல ஏ.எஃப்.பி.ங்கிற புரதம் குறையும். ஹெச்.சி.ஜி.ங்கிற ஹார்மோன் கூடும்," என்றாள் ரீபா. "இதுல ஹெச்.சி.ஜி. கூடத்தான் இருக்கு."

"கேட்டியாட்டி? நான் அப்பவே சொன்னேம்லா?" அவன் சிரித்தான்.

"எப்படி இருந்தாலும் எம் பிள்ளை. கலைக்க மாட்டேன்," என்றாள் விஜயஸ்ரீ.

"அப்ப உங்கப்பன் வீட்டுக்குப் போ. திரும்பி வராத."

"இருங்க அண்ணாச்சி. ஏ.எஃப்.பி. குறையலை..."

ரீபா நிறுத்தினாள்.

"இல்லவே இல்ல. சைபர்."

"எந்தப் பிள்ளையா இருந்தாலும் கொஞ்சமாவது இருக்கணும். சந்தேகப்பட்டு, மூத்திரத்துல கழியுத கிரியேட்டினின்ங்கிற கழிவப் பாத்தேன். நூறு மடங்கு. இது பனிக்குட நீரே இல்ல. மூத்திரம். கர்ப்பிணி மூத்திரம். அதுல ஹெச்.சி.ஜி. இருக்கும்னு ரெப்புக்குத் தெரியாதா?"

ஆஸ்பத்திரியில் எடுத்த சாம்பிளை வீட்டு ஆளே ஐஸ் ப்ளாஸ்க்கில் வைத்துப் பஸ்ஸில் கொண்டு வருவதுதான் வழக்கம். அம்பாசமுத்திரத்திலிருந்து இங்கே வரை... ப்ளாஸ்க் இவன் மடியில்!

"எம் பிள்ளையக் கொல்லவா பாத்திய?" விஜயஸ்ரீயின் குரல் உடைந்தது.

"இந்த லேப்காரி உளறுதா. நீதான் ஆஸ்பத்திரியில குழாய மாத்திக் குடுத்திருப்ப," என்று மனைவி மேல் பாய்ந்தான்.

"அன்னைக்குக் காலைல இவங்க மூத்திரத்தையும் ஆஸ்பத்திரியில பாத்திருக்காவ. சாம்பிளோட வந்த சீட்டு இந்தா இருக்கு. சர்க்கரை இல்ல." ரீபா அவனையே பார்த்தாள். "ப்ளாஸ்க்ல வந்ததுல சர்க்கரை கொட்டிக் கிடக்கு. இது வேற கர்ப்பிணி."

அவன் டையைத் தளர்த்தினான்.

"நான் போனா உங்க பிள்ளையச் சுமக்குதவ வருவா. அதுக்குத்தான் எம் பிள்ளைக்குக் குறையா?" விஜயஸ்ரீ ரீபா பக்கம் திரும்பினாள். "அப்ப எம் பிள்ளைக்கு என்னம்மா?"

"அத இன்னும் யாரும் பாக்கவே இல்ல."

விஜயஸ்ரீ போனை இழுத்தாள். ஒன்று, பூஜ்யம், பூஜ்யம்.

வாசலுக்குப் பைய நகர்ந்தவனை ரீபா கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி... அந்தம்மாவுக்குச் சர்க்கரை ரொம்ப. ஜாமீன் கிடைச்ச சந்தோசத்துல அல்வா வாங்கிட்டுப் போயிறாதிய."