பொட்டு வைத்த கடிவாளம்

கடிவாளம் ஈரமாக இருந்தது.

கூடத்துச் சுவரில் மற்றவையெல்லாம் காய்ந்துதான் கிடந்தன. சிங்கமுகம் பொறித்த பித்தளைப் பதக்கங்கள், குதிரையேறுபவன் கால் வைக்கும் வெள்ளிப் பூணிட்ட அங்கவடிகள், பொன்னிழை கறுத்துப்போன சேணத்துணி. ஏதோ ஒரு பட்டாளம் தன் குதிரைகளுக்குப் பூட்டி அழகு பார்த்தவை. ஜெயராஜ் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கொண்டெய்னர் லோரி ஓட்டுபவன். லீவு கிடைத்தால் பழம்பொருள் கடைகளில் ஏறி இறங்கி இவற்றைத் தேடி வாங்கி வருவான். கடைசியாக வந்தது இந்தக் கடிவாளம். குதிரையின் வாய்க்குள் போகும் இரும்பு, அதன் இருபுறமும் உள்ளங்கை அகலத்தில் பித்தளை வட்டங்கள், நீண்ட தோல் வார்கள்.

அவன் மனைவி அமுதவள்ளி இரும்பைத் துடைத்தாள். துணியில் வந்தது தண்ணீரில்லை. நுரை. அதில் மென்ற புல்லின் வாடை.

முந்தின நாள் ஆயுத பூசை. லோரிக்கும் ஸ்பேனர்களுக்கும் அரிவாள்மணைக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவள், இந்தச் சுவரருகில் நின்றுவிட்டாள்.

"அதுக்கு எதுக்கு பொட்டு? சும்மா ஷோவுக்கு மாட்டினது லா," என்று ஜெயராஜ் சிரித்தான். "அப்புறம் அதுவும் போனஸ் கேக்கப் போவுது."

"இதுவும் உழைச்ச சாமான்தானேங்க. பாவம், இத மட்டும் விட மனசு வரல."

பித்தளை வட்டத்தில் பொட்டு வைத்தாள். ஒரு கை கடலையும் படைத்தாள். பூசை போட்ட சாமானை மறுநாள் எடுத்து ஒரு வேலையாவது செய்ய வேண்டும். ஜெயராஜ் விடிந்ததும் லோரியை எடுத்துப் போயிருந்தான். கடிவாளத்தை யாரும் எடுக்கவில்லை. அப்படித்தான் அவள் நினைத்தாள்.

அந்த வாரமே ஜெயராஜின் கடைவாய் இரண்டும் வெடித்தன.

"ஒடம்பு பானாஸ் லா, அமுதா. சூட்டுல வெடிச்சது, இளநி குடிச்சா சரியாயிடும்."

சரியாகவில்லை. கிளினிக்கில் கொடுத்த களிம்பும் கேட்கவில்லை. சோற்றை ஒதுக்கிவிட்டுப் பச்சைக் கடலையை அள்ளி அள்ளி மென்றான். பல்லில் அது அரைபடும் சத்தம் அடுப்படிவரை கேட்டது. பேச்சு குறைந்தது, பிறகு நின்றே போனது. ஏதோ சொல்ல உதடு அசையும். நாக்கின்மேல் பாரம் கிடப்பதுபோல் தவித்து, அப்படியே அடங்கிவிடும்.

கடிவாளத்தைக் கிள்ளான் ஆற்றில் போட்டுவிடுவதென்று அவள் வாரைப் பிடித்து இழுத்தாள். பின்னால் நாற்காலியில் இருந்த ஜெயராஜின் தலை வெடுக்கென்று மேலே தூக்கிக்கொண்டது. கையை விட்டாள். தலை தாழ்ந்தது. கடைவாயில் ரத்தம்.

அவள் தரையில் உட்கார்ந்து கைகூப்பினாள்.

"தெரியாம பொட்டு வச்சிட்டேன். யாரா இருந்தாலும் சரி, அவர விட்டுடு."

சாமிக்கு விளக்கேற்றும்போதெல்லாம் சுவரடியில் ஒரு பேசின் நிறையத் தண்ணீரும் வைத்தாள். தாகம் தீர்ந்தால் எதுவும் மனமிரங்கும் என்று நம்பினாள். காலையில் பேசின் வற்றியிருக்கும். அதன் விளிம்பில் நுரை இருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் மழை. பள்ளிவாசலில் பாங்கு முடிந்ததும் கரண்ட் போனது. சாமி அறையில் இருந்தவளுக்கு ஓட்டில் விழும் மழையையும் மீறிக் கூடத்திலிருந்து வேறொரு சத்தம் கேட்டது. உறிஞ்சும் சத்தம். நிதானமாக. நீளமாக.

"என்னங்க?"

சத்தம் நின்றது. தோல் முறுகியது. பித்தளை கிணுங்கியது.

அவள் காமாட்சி விளக்கை எடுத்துக்கொண்டு போனாள். சுவரில் ஆணிகள் மட்டும்.

ஜெயராஜ் நான்கு காலில் நின்றான். முகம் பேசினுக்குள். வாயில் இரும்பு. முதுகில் சேணத்துணி. நிமிர்ந்தபோது நெற்றியில் பொட்டு. அவள் விரல் வைத்த அதே பொட்டு.

ஓடத் தோன்றியது. ஓடவில்லை. விளக்கைக் கீழே வைத்து, அவன் முன்னால் மண்டியிட்டு, பேசினை இரு கையாலும் தூக்கிப் பிடித்தாள்.

"குடிங்க. நான் இருக்கேன். குடிங்க."

குடித்தான். கண்கள் அவளையே பார்த்தன. அவன் கண்கள்தான். அழுதன.

வார் ஒருமுறை சுண்டி இழுபட்டது.

அவன் தலை வாசல் பக்கம் திரும்பியது. விலாவின் இருபுறமும் அங்கவடிகள் தொங்கின. ஆடவில்லை. பாரம் ஏறியதுபோல் கீழிழுத்து நின்றன. அவள் விளக்கை உயர்த்தினாள்.

வார்கள் அவன் முதுகுக்கு மேலே, ஓர் ஆள் உட்கார்ந்து பிடிக்கும் உயரத்தில், விறைத்து நின்றன. பிடித்திருக்க அங்கே யாருமில்லை.