பிரஷர் மிஷினும் ஒரு புலியும்

பொம்மனஹள்ளியில் மூன்றாம் மாடியில் ஓர் ஒற்றை அறை வீடு. பள்ளி விட்டு வந்தால் பார்கவிக்குப் பேச்சுத்துணை யாருமில்லை. அம்மா குவைத்தில் வேலை பார்த்தாள். அப்பா பிரகாஷ் வாடகைக் கார் ஓட்டிவிட்டு இருட்டிய பிறகுதான் வருவார். அதுவரை அவள் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

அன்று அப்பா மூச்சு வாங்க மாடியேறி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் பிரஷர் மிஷினை எடுத்தார். ஸ்வெட்டர் மேலேயே பட்டையைச் சுற்றினார்.

“நூத்தி அறுபத்திநாலு!”

மறுபடி பொத்தானை அழுத்தினார். இன்னும் கூடியது.

“இன்னா மிஷினு இது! சில்க் போர்டு சிக்னல் டிராபிக் மாதிரி எறங்கவே மாட்டேங்குது.”

பார்கவி சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

“நாளைக்கு டாக்டர் பார்த்தா, வண்டியே ஓட்டாதேன்னுடுவாரு. அப்புறம் உன்னை வேலூர் அத்தை வீட்டுலதான் விடணும், கண்ணு.”

பார்கவிக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. கன்னட வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னாலும் இப்படித்தான் அடிக்கும். இந்த ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தால்தான் மெல்ல அடங்கும்.

அப்பாதான் தன் நெஞ்சு அடங்க நேரமே கொடுப்பதில்லையே!

“ப்பா, உனக்கு மிஷினைப் பார்த்தாலே பயம்.”

“பயமா? எனக்கா?”

“ஆமா. பயந்தா மூளை, கிட்னி மேல இருக்கிற சுரப்பிக்குச் சேதி அனுப்பும். அது ஹார்மோனை விடும். உடனே இதயம் வேகமா அடிக்கும், ரத்தக் குழாய் இறுகும், பிரஷர் ஏறும். வீணா மிஸ் சொன்னாங்க. எதிர்ல நிக்கிறது புலியா மிஷினான்னு மூளை பார்க்காதாம்.”

“புலின்னா ஓடலாம். இதைக் கையில கட்டிக்கினு எங்க ஓடுறது?”

“ஓட வேணாம். அதை அவுத்துட்டு இங்க உக்காரு. போனைக் குடு. பேசக் கூடாது.”

அப்பா பட்டையை அவிழ்த்து, ஸ்வெட்டரையும் கழற்றிவிட்டு வந்து ஜன்னலோரச் சுவரில் சாய்ந்தார்.

“நாளைக்கு அந்த டாக்டர்...”

“ப்பா!”

வாயை மூடிக்கொண்டார். தூரத்தில் ஓசூர் ரோட்டு வண்டிகள் இரைந்தன. எந்த வீட்டிலோ குக்கர் கூவி ஓய்ந்தது. அப்பாவின் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. அந்த ஜன்னலோரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

வெகுநேரம் கழித்துப் பார்கவியே வெறும் கையில் பட்டையைச் சுற்றினாள்.

நூற்று முப்பத்தாறு.

மறுநாள் டாக்டரிடம் எல்லா அளவுகளையும் காட்டி, எப்படி எடுத்தோம் என்பதையும் அவள் சொன்னாள். டாக்டர் தானும் ஒருமுறை பார்த்தார். “அமைதியா உக்காந்து எடுத்ததுதான் சரியான அளவு. மாத்திரையை விடாதீங்க. வண்டி ஓட்டலாம்” என்றார்.

அன்று மாலை அப்பா வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே ஜன்னலுக்கு வந்தார்.

“மிஷின் எடுக்கட்டுமாப்பா?”

“உஷ்! பேசக் கூடாது.”

பார்கவி நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.