ஒன்றரை மீட்டர்

வளையம் மறுபடியும் நகர்ந்திருந்தது.

லென்ஸைச் சுற்றியிருக்கும் அந்தத் தூர வளையத்தைக் கடைசிக் குறியில், அதாவது முடிவில்லாத் தூரத்தில், வைத்துவிட்டுத்தான் அவன் தினமும் கேமராவைப் படுக்கையறை அலமாரித் தட்டில் வைப்பான். நேற்றுக் காலை அது ஐந்து மீட்டரில் நின்றது. இன்று மூன்றில்.

அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். யாரோ திருகாமல் எதுவும் திரும்பாது என்று இருபது வருஷமாக நம்புகிறவன். அந்த நம்பிக்கையில்தான் இந்தப் பழைய ஃபிலிம் கேமராவையே வாங்கினான். பேட்டரி கிடையாது, திரை கிடையாது. உள்ளங்கையைக் கீழே இழுக்கும் இரும்பின் கனம், ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோலைத் தள்ளும்போது பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்து நகரும் சத்தம், முகத்தருகே கொண்டுபோனால் பழைய எண்ணெயும் தோலுறையும் கலந்து வரும் வாசனை. சனியன், கையை விட்டு இறக்கவே மனசு வராது.

விற்ற கடைக்காரர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "தூரத்துல இருக்கறத மட்டும் எடுங்க சார். வளையத்தக் கிட்ட கொண்டுவராதீங்க." பழைய லென்ஸ், கிட்டத்தில் தெளிவு வராதாக்கும் என்று நினைத்துக்கொண்டான். அன்றைக்கே, தூங்கிக்கொண்டிருந்த மகளைத்தான் முதல் படமாக எடுத்தான். ஒன்றரை மீட்டரில் வைத்து.

"பாப்பா இதத் தொட்டாளா?" என்று மனைவியிடம் கேட்டான்.

"அவளுக்கு அந்தத் தட்டு எட்டுமா? எதுக்கெடுத்தாலும் பிள்ளையக் குத்தம் சொல்லாதீங்க." வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். "நாலு நாளா அதையே கட்டிக்கிட்டு அழறீங்க. நான் வர்றதுக்குள்ள அது வீட்ட விட்டுப் போயிருக்கணும். இல்ல, நானே தூக்கிக் குப்பையில போட்டுடுவேன்."

"போட்டுத்தான் பாரேன்!"

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

மதியம் மகள் தூங்கியதும், வேலைப் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தான். சும்மா ஒரு சந்தேகம்தான். தட்டிலிருந்து ஐந்து மீட்டர் இழுத்தான்; டேப் வாசற்கதவைத் தொட்டது. மூன்று, படுக்கையறையின் கதவு நிலை. இரண்டு, மகளின் கரடி பொம்மை உட்கார்ந்திருக்கும் நாற்காலி. ஒன்றரை எங்கே வரும் என்று அளக்கவே வேண்டாம். அங்கே அவளுடைய தலையணை இருந்தது.

பின்னால் தட்டில் ஏதோ கரகரத்தது. எண்ணெய் வற்றிய சக்கரம் போல.

வளையம் இரண்டில் நின்றது.

நாற்காலியைப் பார்த்தான். பொம்மை தரையில் கிடந்தது.

கேமராவைப் பிடுங்கி, வளையத்தைக் கடைசிக் குறிக்குத் திருகினான். வரவில்லை. ஸ்பேனர் பிடித்துக் காய்த்த கை. பல்லைக் கடித்துத் திருகினான். விரல்களுக்கடியில் அது எதிர்ப்பக்கமாக நகர்ந்தது.

ஒன்றரை.

அறை முழுக்கப் பழைய எண்ணெய் வாசனை.

அதன் காட்சித் துவாரத்துக்குள் எல்லாமே இரட்டையாகத்தான் தெரியும். வளையம் காட்டும் தூரத்தில் இருப்பது மட்டும் ஒன்றாகச் சேரும். கண்ணை வைத்தான். நாற்காலி இரண்டு. கதவு இரண்டு. மகள் ஒன்று.

அவள் தலைமாட்டில் ஓர் உருவம் குனிந்து நின்றது. அதுவும் ஒன்று.

கேமராவை இறக்கினான். யாருமில்லை. மறுபடி வைத்தான். நீண்ட விரல்கள், அவள் தலைமுடிக்குள்.

கத்த வாயைத் திறந்தான்.

"கைய எடுங்கப்பா," மகள் கண் திறக்காமல் முனகினாள். "சில்லுனு இருக்கு."

அவனுடைய இரண்டு கைகளும் கேமராவில் இருந்தன.

விரல் படாமலே ஷட்டர் விழுந்தது.

கட்டிலுக்குப் பாய்ந்தான். தலையணையில் பள்ளம் மட்டும். இன்னும் சூடாக இருந்தது. துவாரத்தில் கண்ணை வைத்தான். அவள் அங்கே இருந்தாள், துல்லியமாக, அதன் விரலைப் பிடித்துக்கொண்டு, அவனைத் திரும்பிப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தாள்.

"பாப்பா! நில்லும்மா!"

கையில் வளையம் திரும்பத் தொடங்கியது.

இரண்டு. மூன்று.

ஐந்து.

பிறகு, அவன் தினமும் வைக்கிற அந்தக் கடைசிக் குறியில் வந்து நின்றது.